வட்டமாகத் தேய்த்த டிஸ்க்

தம்பி,

கூரியரில் ஒரு கனமான பெட்டியும் அதோடு இத்தனை பக்கக் காகிதமும் வந்திருக்கிறதே, கிழவனுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறாதே. எனக்கு ஒன்றும் இல்லை. சர்க்கரை அப்படியே இருக்கிறது, முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, கவரைப்பேட்டை வீடும் நீ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது. போனில் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நாம் போனில் பேசுகிற அழகு உனக்கே தெரியும். சாப்பிட்டாயா என்று நீ கேட்பாய், சாப்பிட்டேன் என்பேன். புனேயில் மழையா என்று நான் கேட்பேன், இல்லை என்பாய். அதற்கப்புறம் யார் முதலில் வைப்பது என்று இரண்டு பேரும் காத்துக்கொண்டிருப்போம். அதனால்தான் எழுதுகிறேன். முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன், இழுத்தால் தைரியம் போய்விடும். உன் அம்மா பேசிய அந்த டிஸ்க்கை நீ கெடுக்கவில்லை. நான் கெடுத்தேன். கெடுத்துவிட்டுப் பழியை உன் தலையில் கட்டினேன். பதினாறு வருஷமாக நீ அதைச் சுமந்துகொண்டு திரிகிறாய்.

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்கு இப்போது என்ன வந்தது என்று நீ கேட்கலாம். போன மாதம் நீ பேசும்போது பக்கத்தில் மருமகள் ஸ்கேன் படத்தை உன் போனில் ஏற்றி வைக்கச் சொன்னாள், ஞாபகம் இருக்கிறதா? ஏழாம் மாதம், குழந்தையின் முகம் கொஞ்சம் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நீ போனை வாயிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. "நீயே வெச்சிக்கோ, எங்கையில குடுக்காத. எங்கம்மா பேசின ஒரே டிஸ்க்க போட்டுப் போட்டே நாசம் பண்ணவன் நானு." அவள் சிரித்தாள், நீயும் சிரித்தாய். நான் மழையைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உன் பதினைந்து வயதில் நான் உனக்குச் சொன்ன ஒரு பொய், நீ அப்பாவாகப் போகிற நேரத்திலும் உன் கையைப் பிடித்து இழுக்கிறது என்று எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை.

அந்த டிஸ்க்கில் இருப்பது எங்கள் யூனிட்டின் ஆயுத பூஜை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பாலிஷ் போடுகிற இடத்தில் முப்பது வருஷம் நின்றவன் நான். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் சக்கரங்கள் எல்லாம் சும்மா இருக்கும். தண்ணீர் விட்டுக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலையோடு குடும்பங்களை உள்ளே கூப்பிடுவார்கள். மற்ற நாளில் கருப்புத் தூசி அப்பி நிற்கிற நாங்கள் அன்றைக்குச் சட்டை மடிப்புக் கலையாமல் நிற்போம். அந்த வருஷம் முதலாளி பொன்னேரியிலிருந்து ஒரு வீடியோக்காரரை அழைத்து வந்திருந்தார். அவர் சும்மா படம் பிடித்துவிட்டுப் போகாமல், ஒவ்வொரு வீட்டுப் பெண்ணிடமும் மைக்கை நீட்டி, வீட்டுக்காரரைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லச் சொன்னார். மற்ற பெண்கள் எல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். உன் அம்மா ஓடவில்லை. தைக்கக் கொடுத்த ஜாக்கெட் அளவைச் சொல்கிற அதே சாவகாசத்தோடு மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"இன்னாத்த சொல்றது? இங்க மெஷினு கத்தற கத்துக்கு, ஊட்டுக்கு வந்தா இவரு வாயே தொறக்க மாட்டாரு. செவுரு கிட்ட பேசற மாதிரி நாந்தான் பேசிக்கினு இருப்பேன்."

யூனிட்டே சிரித்தது. சூப்பர்வைசர் மேசையைத் தட்டிய தட்டில் பொரி சிதறியது. எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே, விறுவிறுவென்று குழாயடிக்குப் போய்விட்டேன். சுத்தமாக இருந்த கையை இன்னொரு தரம் கழுவினேன். அவள் அதற்குமேல் என்ன பேசினாள் என்று நின்று கேட்கவில்லை. அன்றைக்கு ரயிலில் திரும்பும்போது நீ நடுவில் உட்கார்ந்து இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாய். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பேசாதவன் பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அவளுக்கு மட்டும் தெரிந்தது. ஏழாம் நாள் காலையில், "செவுரு நாஷ்டா துன்னுமா?" என்று தட்டை வைத்தாள். நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். இப்போது தனியாக உட்கார்ந்து அதற்குச் சிரிக்கிறேன், பிரயோஜனம் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து ஆறே நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். காரியம் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு நீ அந்த டிஸ்க்கைத் தேடி எடுத்தாய். வீட்டில் அவள் குரல் இருந்த இடம் அது ஒன்றுதான். அவள் படம் சுவரில் இருந்தது. ஆனால் படம் பேசுமா? நான் ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் திறக்கிற நேரத்துக்குச் சரியாக நீ அதைப் போடுவாய். நாதஸ்வரம் கேட்கும், யூனிட் கேட் தெரியும், பூசணிக்காய் தெரியும், பிறகு அவள். செவுரு என்று சொல்லி ஊரே சிரிக்கிற இடம் வந்ததும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போய்விடுவேன். தினமும் இதுதான். செத்துப்போனவள் தினமும் ஒரு தரம் எழுந்து வந்து, நான் பேசாததைச் சொல்லிக்காட்டிவிட்டுப் போகிறாள் என்று எனக்குப் பட்டது. உன் மேல் எரிச்சலாக வந்தது. பதினைந்து வயதுப் பிள்ளை அம்மா குரலைக் கேட்டதற்கு எரிச்சல்பட்டேன் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

ஒருநாள் நீ வெளியே எடுத்து வைத்திருந்த டிஸ்க்கை, உறையில் போடக்கூட மனம் இல்லாமல், டிவி மேல் வீசினேன். அது கீழே விழுந்து தரையில் இழுபட்டது. அடுத்த நாளிலிருந்து படம் நடுவில் நின்று நின்று போனது. நீ சட்டையில் துடைத்துப் பார்த்தாய், ஊதிப் பார்த்தாய். நான்தான் பெரிய ஆள் மாதிரி, குடு, நான் சரி பண்ணித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். நீ என்னை நம்பிக் கொடுத்தாய். யூனிட்டுக்குக் கொண்டுபோய், மதியச் சாப்பாட்டு நேரத்தில், எவர்சில்வருக்குப் போடுகிற பச்சை பாலிஷ் கட்டியைத் துணியில் தடவி, கையாலேயே தேய்த்தேன். எங்கள் கைக்கு ஒரே பழக்கம்தான். தட்டானாலும் டம்ளரானாலும் வட்டமாகத் தேய்ப்போம், சக்கரம் போகிற போக்கில். டிஸ்க்கும் வட்டம்தானே. ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. முகம் தெரிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன், பிளேயர் அதை டிஸ்க் என்றே ஒத்துக்கொள்ளவில்லை.

சரி பண்ணத்தான் எடுத்துக்கொண்டு போனேனா, இல்லை இந்தச் சனியன் தொலையட்டும் என்றும் உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்ததா என்று நான் பல தரம் என்னையே கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை, தம்பி. நிஜமாகத் தெரியவில்லை. ஆனால் நீ கடைக்குப் போய்விட்டு வந்து போட்டுப் பார்த்து என் முகத்தைப் பார்த்தபோது நான் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "தெனம் போட்டுப் போட்டுத் தேச்சிட்ட. ஒனக்கு ஒரு பொருள வெச்சிக்கத் தெரியல." நீ அழுதிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. நீ அழவில்லை. டிஸ்க்கை ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரில் போட்டு, உன் புத்தகங்களுக்கு அடியில் வைத்தாய். அதற்கப்புறம் வீட்டில் கண்ணாடி டம்ளரைக்கூட நீ எடுத்ததில்லை. பையன் பொறுப்பாகிவிட்டான் என்று நான் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன மாதம் உன் போனுக்குப் பிறகு அந்தக் கவரைத் தேடி எடுத்தேன். முதலில் மற்றவர்களிடம் அந்தப் பூஜை டிஸ்க் இருக்கிறதா என்று கேட்டேன். யூனிட் மூடி வருஷங்கள் ஆகிவிட்டன. பாதிப் பேர் ஊர் மாறிவிட்டார்கள். வீடியோக்காரர் கடையையே கட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டார். ஒரு வீட்டில் மட்டும் இருந்தது, கொய்யா மரத்தில் கிளி விரட்டக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வெயிலிலும் மழையிலும் வெளுத்து இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் தெரிந்தது. ஆக, நம்முடையதைத்தான் எப்படியாவது படிக்க வைக்க வேண்டும். இப்போது கம்ப்யூட்டரில் டிஸ்க் போடுகிற இடமே கிடையாதாமே. கும்மிடிப்பூண்டியில் ஒரு கடையில், வெளியில் செருகுகிற மெல்லிய டிரைவ் ஒன்றை வாங்கி, பக்கத்து வீட்டு ஆசிரியரின் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தோம். கர் கர் என்று இரண்டு தரம் கத்திவிட்டுக் கையை விரித்துவிட்டது. அவர்தான் மணவாள நகரில் ஒரு அம்மா இதற்கெல்லாம் கைராசி என்று சொன்னார்.

பெரியபாளையம் போய் பஸ் மாறி, திருவள்ளூர் தாண்டிப் போனேன். உண்மையைச் சொன்னால், எங்கேயாவது போக ஒரு காரணம் கிடைத்ததே என்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ரிட்டயர் ஆன பிறகு என் நாள் எப்படிப் போகிறது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. காலையில் சமைக்கத் தெரிந்தும் சமைப்பதில்லை. கடைக்குப் போனால் இன்னா வேணும்ணா என்று ஒருத்தராவது கேட்பார்கள் என்பதற்காகவே போகிறேன். சாயங்காலம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, கம்பெனி விட்டுப் போகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்தால் நான் ஒரு பக்கம், நாலு சுவர் மறுபக்கம். உன் அம்மா சொன்னது மாறிவிட்டது. இப்போது சுவரிடம் பேசுகிற முறை என்னுடையது.

அந்த அம்மா பெயர் ஜெசிந்தா. நாற்பது வயதிருக்கும். கடை சின்னதுதான், ஆனால் ஒரு அலமாரி முழுக்கப் பழைய கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய டிரைவ்களை அடுக்கி வைத்திருந்தாள். டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அய்யா, இத்த ரவுண்டு ரவுண்டா தேச்சீங்களா?" என்று கேட்டாள். யார் தேய்த்தார்கள் என்று கேட்கவில்லை. என் கையைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். முப்பது வருஷம் பாலிஷ் போட்டவன் விரலில் ரேகை இருக்காது. ஆமாம் என்றேன். டிஸ்க்கில் பதிவு சுற்றிச் சுற்றித்தான் போகும் என்று அவள் பொறுமையாக விளக்கினாள். சாலையின் குறுக்கே ஒரு பள்ளம் இருந்தால் பஸ் ஏறி இறங்கிப் போய்விடும். சாலை நெடுகத் தோண்டிப் போட்டால் பஸ் எங்கே போகும்? நான் நெடுகத் தோண்டியிருக்கிறேன். ஆனால் தேய்ந்தது மேல் பிளாஸ்டிக்தான், பதிவு அதற்கும் உள்ளே இருக்கிறது, அதனால் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது என்றாள். அப்போதுதான் நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன், தினமும் போட்டுப் பார்த்தால் டிஸ்க் தேய்ந்துபோகுமா என்று.

"அது எப்டி தேயும்? பழைய ரெக்கார்டு மாதிரி முள்ளா வெச்சிக்கீது? வெறும் லைட்டு தான் படுது. நூறு வாட்டி போட்டாலும் அதுக்கு ஒண்ணும் ஆவாது அய்யா."

நான் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் இத்தனை வருஷமும், நீயும் கொஞ்சம் தேய்த்திருப்பாய், பழியில் கால் பங்காவது உன்னுடையதாக இருக்கும் என்று ஒரு மூலையில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் போயிற்று. நீ அவளைத் தொட்டதுகூட வெளிச்சத்தால்தான்.

எந்த டிரைவ் வாங்கினால் இது படிக்கும் என்று கேட்டேன். நான் வாங்கிய மெல்லிய டிரைவைப் பார்த்துச் சிரித்தாள். லேப்டாப்பிலிருந்து கொஞ்சூண்டு கரண்ட் எடுத்து ஓடுகிற இதெல்லாம் சுத்தமான டிஸ்க்குக்குச் சரி, அடிபட்டதற்கு ஆகாது என்றாள். மேசைக் கம்ப்யூட்டரில் இருந்த அகலமான பழைய டிரைவ்தான் வேண்டும். அதற்குத் தனியாகக் கரண்ட் கொடுத்து, வேகத்தைக் குறைத்து, அது எத்தனை தரம் தடுமாறினாலும் திரும்பத் திரும்பப் பார்க்க விட வேண்டும். அதிலும் எது நல்லது என்று கம்பெனி பெயரை வைத்துச் சொல்ல முடியாதாம். "எது நல்ல டிரைவுன்னு கேக்காதீங்க. இந்த டிஸ்க்குக்கு எது ஒத்து வருதுன்னு தான் பாக்கணும். ஒண்ணு உட்டத இன்னொண்ணு படிக்கும்." ஒரு டிரைவ் படித்த துண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, அது விட்ட இடங்களை மட்டும் அடுத்த டிரைவிடம் கேட்க அவளிடம் ஒரு சாப்ட்வேர் இருக்கிறது. இதை ஏன் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன் என்றால், மருமகளின் வளைகாப்பை யாராவது டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தால் உனக்கு உதவும். துடைக்கும்போது நடுவிலிருந்து வெளியே, நேராகத் துடை. என்னை மாதிரிச் சுற்றாதே.

முதலில் மறுபடி பாலிஷ் போட வேண்டும் என்றாள். நான் போடுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மெல்லிய துணி, துளி பாலிஷ், நடுவிலிருந்து வெளியே நேர்கோடு. கேட்க என்னவோ சுலபம். நாலு கோடு ஒழுங்காகப் போட்டால் ஐந்தாவது கோட்டில் கை தானாக வளைந்துவிடுகிறது. நேரா அய்யா, நேரா என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். என் வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். அதற்கே மதியமாகிவிட்டது.

மூன்று நாள் போய் வந்தேன். முதல் டிரைவ் ஆரம்பத்தை மட்டும் படித்தது. இரண்டாவது நடுவில் கொஞ்சம் எடுத்தது. மூன்றாவது, மஞ்சளடித்துப்போன, செங்கல் கனத்தில் ஒன்று. அலமாரியின் கடைசியிலிருந்து எடுத்தாள். அது அவசரமே படவில்லை. முனகிக்கொண்டே நாள் முழுக்க ஓடியது. காத்திருந்த நேரத்தில் ஜெசிந்தா என் வீட்டைப் பற்றிக் கேட்டாள். நான் பேசினேன், தம்பி. உன்னைப் பற்றி, அம்மாவைப் பற்றி, குழாயடிக்குப் போனது பற்றி, உன்னிடம் சொன்ன பொய் பற்றி. யாரோ ஒரு பெண்ணிடம் என்னால் இவ்வளவு பேச முடிகிறது என்றால், வீட்டில் இருந்தவளிடம் ஏன் முடியவில்லை? ஜெசிந்தா தன் டப்பாவிலிருந்து பாதி எலுமிச்சை சாதத்தை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் படம் வந்தது. கட்டம் கட்டமாக உடைந்துதான் வந்தது, ஆனால் வந்தது. நாதஸ்வரம், கேட், பூசணிக்காய். பிறகு பச்சைப் புடவையில் உன் அம்மா. மைக்கை வாங்கிக்கொண்டாள். செவுரு என்றாள். ஊரே சிரித்தது. படத்தின் ஓரத்தில் மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருத்தன் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நான் அந்த இடத்தைத் தாண்டியும் உட்கார்ந்திருந்தேன். அவள் சிரித்து முடித்துவிட்டு, போகிறவனைத் திரும்பிப் பார்க்கிறாள். மைக்கை இன்னும் கிட்டே வைத்துக்கொண்டு, "ஆனா ஒண்ணு" என்கிறாள். அங்கே படம் நின்றுவிட்டது. குரலும் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் வெறும் கட்டங்கள். திரும்ப வரும்போது பேசி முடித்திருக்கிறாள். மைக்கைத் திருப்பிக் கொடுக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். யாரும் சிரிக்கவில்லை. ஜெசிந்தா அந்த இடத்தை மட்டும் அலமாரியில் இருந்த எல்லா டிரைவிலும் போட்டுப் பார்த்தாள். ஒன்றாலும் முடியவில்லை. நான் அங்கேதான் நன்றாக அழுத்தித் தேய்த்திருக்கிறேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் யோசித்தேன். உன் பள்ளிக்கூடம் நாலு மணிக்கே விட்டுவிடும். எனக்குத் தெரியாமல் நீ இரண்டு மணி நேரம் அந்த டிஸ்க்கைப் போட்டிருக்கலாம். ஆனால் நான் கதவைத் திறக்கிற நேரம் பார்த்துத்தான் தினமும் போட்டாய். நான் செருப்பை மாட்டும்போது சத்தத்தைக் கூட்டி வைப்பாய், அது எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டும். நீ அதை உனக்காகப் போடவில்லை, இல்லையா? அந்த இடத்தைத் தாண்டி ஒரு நாளாவது நான் நின்று கேட்கட்டும் என்றுதான் போட்டாய். ஒரு வார்த்தை கூப்பிட்டு உட்கார வைத்திருக்கலாமே என்று நினைத்தேன். பிறகு, என்னைக் கூப்பிட்டு உட்கார வைக்கிற தைரியம் யாருக்கு இருந்தது என்றும் நினைத்தேன். என் பிள்ளைதானே நீ, உனக்கும் அது வாயில் வரவில்லை. உன் குழந்தைக்கு இதை மட்டும் கொடுத்துவிடாதே. கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் நின்று கேள். எதையாவது உடைத்தால் அன்றைக்கே உடைத்தேன் என்று சொல்.

பெட்டியில் அந்த மஞ்சளடித்த டிரைவையும் டிஸ்க்கையும் வைத்திருக்கிறேன். எடுத்தவரைக்கும் ஒரு பென் டிரைவில் இருக்கிறது. இனி இதெல்லாம் உன் வீட்டில் இருக்கட்டும். மருமகளிடம் கொடுத்து வைக்காதே, நீயே வைத்துக்கொள், நீயே தொடு, எத்தனை தரம் வேண்டுமானாலும் போடு. அந்த ஸ்கேன் படத்தையும் உன் போனில் ஏற்றிக்கொள். உன் கையில் ஒரு குற்றமும் இல்லை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். "ஆனா ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அவள் என்ன சொன்னாள்? எந்த டிரைவாலும் அதைப் படிக்க முடியவில்லை. அன்றைக்கு அங்கே நின்று கேட்டவர்களுக்கு ஞாபகம் இருக்காது. தினமும் போட்டுப் போட்டுக் கேட்டவன் நீ ஒருத்தன்தான். நல்லதாக இருந்தாலும் சரி, என்னைத் திட்டியிருந்தாலும் சரி, அவள் சொன்ன மாதிரியே சொல். வரும் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. சாப்பாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் கேட்க வேண்டாம், நேரே அதைச் சொல். இந்தத் தடவை எழுந்து போக மாட்டேன்.

நைனா